ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு

மூன்றாவது தடவையும் எண்ணி முடித்துவிட்டு, தேர்தல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பவித்ராவுக்கு ஐம்பத்தெட்டு. முனியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு.

கிழக்கு மீனவர் குப்பத்துத் தலைவர் நீலமேகம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பஞ்சாயத்தில் ஏழு வார்டு. அவர் வார்டையும் சேர்த்து மூன்று அவர் பக்கம். மேற்குக் குப்பத்துத் தினகரன் பக்கமும் மூன்று. மிச்சம் இருந்தது ஏரிக்கரைக் காலனி ஒன்றுதான். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துக்காரர்தான் துணைத் தலைவர்.

காலனி வார்டு பழங்குடிப் பெண்களுக்கு ஒதுக்கியது. நீலமேகம் பவித்ராவை நிறுத்தினார். தினகரன் முனியம்மாளை நிறுத்தினார். இரண்டு பேருமே இறால் போடுகிற பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள்.

ஓட்டு எண்ணுகிற பொன்னேரிக் கல்லூரிக்கு ஆளுக்கொரு காரில் அழைத்து வரப்பட்டவர்கள், எண்ணும் அறைக்குள் வந்ததும் ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முனியம்மாள் வேர்க்கடலையை உரித்து உரித்துப் பவித்ராவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குலுக்கல்தான்" என்றார் அதிகாரி.

இரண்டு சீட்டு எழுதி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள். வாசலில் நின்ற பெண் போலீசைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள்.

முனியம்மாள்.

வெளியே தினகரனின் ஆட்கள் பட்டாசு கொளுத்தினார்கள். முனியம்மாள், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவள் மாதிரி பவித்ராவைப் பார்த்தாள். பவித்ரா அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, மாலை போட்டுக்கொள்ள அனுப்பிவைத்தாள்.

தோற்றவள் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லாததை நீலமேகம் அப்போதுதான் கவனித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. புயல் சமயத்தில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டுக் காலனிக்கே நான்கு நாள் சோறு ஆக்கிப் போட்டவர். பவித்ராவின் அப்பா சீனிவாசனுக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்கித் தர, தாலுகா ஆபீசுக்குப் பதினோரு நடை நடந்தவர். ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எல்லா வீட்டிலும் "உங்களுக்குத்தான் தலைவரே" என்றார்கள்.

அதுதான் அவருக்கு ஆறவில்லை.

கல்லூரி வராந்தாவில் டீ கேன் வைத்திருந்த இடத்தில் அவளை நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார். "எந்த வூட்ல மாத்திப் போட்டாங்கம்மா? கோவத்துல கேக்கல. தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

பவித்ரா, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் நிமிர்ந்தாள்.

"யாரும் மாத்தல தலைவரே. வூட்டுக்கு வூடு பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு. எங்க நைனா உங்களுக்கு, அம்மா அவருக்கு. எல்லாரும் உக்காந்து எண்ணிப் பாத்துதான் போட்டோம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

போன தேர்தலில் காலனி மொத்தமும் தினகரன் பக்கம் போனது. துணைத் தலைவர் தேர்தலில் நீலமேகம் தோற்றார். மறுநாள் காலையில் அவர் குப்பத்துப் பையன்கள் ஏரியின் கிழக்கே கழி நட்டுக் கயிறு கட்டினார்கள். காலனி ஆட்கள் யாரும் இனி இந்தப் பக்கம் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

ஏழு மாதம் அந்தக் கயிறு இருந்தது. மழைக்காலத்தில் இறால் கிழக்கேதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. பவித்ரா காட்டூர் வயல்களில் களை பறித்தாள்.

கயிற்றைக் கட்டச் சொன்னவர் நீலமேகம் இல்லை. அவிழ்க்கச் சொன்னவரும் அவர் இல்லை.

மேற்கே தினகரனின் குப்பம், கிழக்கே இவருடையது. காலனிக்கு இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வேண்டும். சீட்டு எடுத்ததில் தோற்றதற்கு யார்தான் யார்மேல் கோபப்பட முடியும்?

நீலமேகம், "இந்தத் தபா அந்த மாதிரி எதுவும் நடக்காதும்மா" என்றார்.

"சரிங்க தலைவரே" என்றாள் பவித்ரா. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே சரி.

அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் மனம் கணக்குப் பக்கம் ஒதுங்கியது. காலனியின் வாக்காளர் பட்டியல் அவருக்கு மனப்பாடம். நூற்றுப் பதினேழு பெயர். இரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். பதிவானது நூற்றுப் பதினாறு. யாரோ ஒருவர் சூளையிலிருந்து வரவில்லைபோல என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுப்பதிவு அன்று அவர் காலனிப் பக்கமே போகவில்லை, மற்ற வார்டுகளில் அலைந்துகொண்டிருந்தார்.

"மிஞ்சின அந்த ஒண்ணு யாரும்மா?"

டீக்காரர் டம்ளரை நீட்டினார். வலது கையில் பை இருந்ததால் பவித்ரா இடது கையால் வாங்கினாள்.

மூன்று நாளாகியும் ஊரில் எல்லோர் விரலிலும் அழியாமல் இருந்த மை, அவள் விரலில் இல்லை.