ஆடாமல் வந்த ஒரு புள்ளி

சதுரங்கப் பலகைக்கு எதிரே இருந்த நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது.

மணி பத்து பன்னிரண்டு. மற்ற நாள்களில் ஆட்டம் மூன்று மணிக்கு. கடைசிச் சுற்று மட்டும் காலை பத்துக்கு.

வெள்ளைக் காய் எதிராளிக்கு. அதனால் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய கடிகாரம். அரை மணிக்குள் வராவிட்டால் அவளுக்கு வெற்றி.

பக்கத்துப் பலகைக்காரர் அவளைப் பார்த்து, அதிர்ஷ்டக்காரி என்பதுபோலச் சிரித்தார்.

அவள் கதவைப் பார்த்தாள்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் நார்ம் என்கிற தகுதி வாங்க வேண்டும். இரண்டு வாங்கியாயிற்று. மூன்றாவதற்கு இன்று ஒரு டிரா போதும். ஆனால் ஆடி எடுக்க வேண்டும். எதிராளி வராமல் கிடைக்கிற புள்ளி பட்டியலில் ஏறும், நார்முக்குச் சேராது. இன்று தோற்றாலும் பரவாயில்லை என்கிற நிலையில் இருந்தால் ஆடாமலே நார்ம் தர விதியில் சலுகை உண்டு. அவளுக்கோ அந்த அரைப் புள்ளி வேண்டும்.

வர வேண்டியவர் செர்பியாக்காரர். ஐம்பது வயது. கடைசிச் சுற்றென்றால் பதினைந்தாவது நகர்த்தலில் டிரா கேட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர். நேற்று அவர் பெயரைப் பார்த்ததும் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தாள்.

வந்து தொலையேன், மனுஷா.

எழுந்து நடுவரிடம் போனாள். செர்பியாக்காரரின் ஓட்டல் அறைக்கு ஒரு ஃபோன் செய்ய முடியுமா என்று கேட்டாள். நடுவர் கையை விரித்தார்.

பத்து இருபது.

பத்து இருபத்தெட்டு. கதவு திறந்தது. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த பெண்.

பத்து முப்பதுக்கு நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். தாளில் அவள் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வெளியே அப்பா நின்றிருந்தார். அவருக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். நார்ம் கணக்கையெல்லாம் அவள் விளக்கியதில்லை. விளக்கினால் மனிதர் சாப்பிட மாட்டார். நேற்று, "நாளைக்கு முக்கியமான ஆட்டம்ப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அப்பா அவள் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். அந்த ஓட்டலில் தமிழ் தெரிந்தவர் வேறு யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலைல லிஃப்ட்ல அந்த ஆளப் பாத்தேன்மா. தோள்ல துண்டு. கடல்ல குளிக்கப் போறாரு. என்னைப் பாத்து மூணு வெரலக் காட்டி, மூணு மணிக்குத்தானேங்கிற மாதிரி கேட்டாரு. நானும் ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

பதினேழு வருஷத்தில் அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. கடையில் பொருளுக்குக் குறை இருந்தால் தானே எடுத்துக் காட்டிவிட்டு விற்கிறவர். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"தப்புதான். ஆனா நீ இனிமே கிராண்ட்மாஸ்டர்தானேம்மா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவரால்தான் போனது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

"இல்லப்பா. ஆறாவது சுற்றுல தோத்தேன்ல, அந்த போலந்துக்காரன்கிட்ட. அதுலயே போயிருச்சு."

அப்பா அந்தப் போலந்துக்காரனைத் திட்டத் தொடங்கினார்.

அவளும் சேர்ந்து திட்டினாள்.