மாசிக்குள் கல்யாணம்

"அண்ணாமலையாரே கனவுல வந்தாரும்மா. மாசிக்குள்ள பொண்ணைக் கட்டிக் குடுத்துடுன்னாரு," என்றார் அப்பா.

சாமி சொன்னபின் மறுபேச்சு ஏது? காலேஜ் கடைசிப் பரீட்சையைக்கூட எழுதாமல் சந்திரகலா கழுத்தை நீட்டினாள். அது 1989. அன்றிலிருந்து பௌர்ணமி தவறாமல் கிரிவலமும் போனாள்.

பத்து வருஷம் கழித்து அப்பா காலமானார். பூர்வீக நிலத்தில் அண்ணனுக்குச் சமமாகப் பங்கு கேட்டு, குடும்ப வக்கீலிடம் போனாள்.

"பொண்ணுக்கும் சம பங்குன்னு எண்பத்தொன்பது மார்ச் கடைசியில இருந்து சட்டம். அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாதும்மா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் தள்ளி வெச்சிருப்பாரு சார்."

வக்கீல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சட்டம் வரப்போவுதுன்னு பேச்சு கிளம்பினதுமே எங்கிட்ட ஓடி வந்தாரு. மாசிக்குள்ள பொண்ணைக் கட்டிக் குடுத்துடுங்கன்னு நான்தாம்மா சொன்னேன்."