மந்திரிச்ச வண்டி

"இந்தா, மறுபடியும் வாயப் பொளந்துருச்சு!"

எல்வின் போட்ட சத்தத்தில் அட்டுவம்பட்டித் தெருவே எட்டிப் பார்த்தது.

புத்தம் புதுக் கார். பட்டனை அமுக்கினால் டிக்கி தானாகத் திறக்கும், தானாக மூடும். அதைக் காட்டிக் காட்டியே அக்கம்பக்கத்து வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்டவன் எல்வின். இப்போது யாரும் பட்டனைத் தொடாமலே திறக்கிறது.

முதல் நாள், திறந்த டிக்கியிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலிலேயே திறந்துகொண்டது. பூசை முடிந்து வந்த சாமியார், "என்ன எல்வின், வண்டி கொட்டாவி விடுதா?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று.

நேற்று மனைவி சுஜிதாவிடம் சொல்லியேவிட்டான். "உங்கம்மா வந்த நாள்லேருந்துதான் இப்படி. ராசி சரியில்ல. நாளைக்கு வெள்ளனே அவங்க ஊரு வடகவுஞ்சியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன்."

கோயிலில் மேடையேறி பைபிள் வாசகம் வாசிக்கிறவன்தான். ஆனாலும் ராசி பார்ப்பான்.

"மெதுவாப் பேசுங்க. அம்மா காதுல விழுந்துறப்போகுது."

விழுந்துவிட்டது. விடிந்ததும் மாமியார் சகாயராணி பையைக் கட்டி டிக்கியில் வைத்துவிட்டு, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக்கிதான் மூட மாட்டேன் என்றது. மூடினால் திறந்தது. இப்படித் திறந்து போட்டுக்கொண்டு மலைப்பாதையில் போக முடியுமா?

வில்பட்டியிலிருந்து மெக்கானிக் கதிர்வேலைக் கூப்பிட்டார்கள். பேட்டரியைப் பார்த்தான். டிக்கியைத் தூக்கும் மோட்டார் கம்பிகளைத் தடவிப் பார்த்தான். பூட்டைத் துடைத்தான். கடைசியில் லேப்டாப்பைச் சொருகினான்.

"ஒரு எர்ரரும் காட்டலண்ணே. வண்டி சுத்தமா இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை. டிங், டிங், டிங். மேலே எழுந்த டிக்கி, குனிந்திருந்தவன் மோவாயைப் பதம் பார்த்தது.

"ஒங்க பாக்கெட்டுல சாவி அமுங்குதோ?"

சாவியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார்கள். டிக்கியை மூடினார்கள். டிங், டிங், டிங்.

"இன்னொரு சாவி எங்கண்ணே?"

"அது வண்டி மந்திரிச்ச அன்னைக்கு, சாமியார் தீர்த்தம் தெளிச்சுக் குடுத்தது. மாதா படத்துக்கிட்டத் தொங்குது. அத யாரும் தொடமாட்டாங்க."

கதிர்வேல் மோவாயைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தான். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. டயருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வச்சுப் பாப்பமா?"

ஆக, மெக்கானிக்கே சொல்லிவிட்டான்! எல்வினுக்குப் பொறுமை பறந்தது. மாமியாரை இறக்கிவிட்டுப் பார்த்துவிடுவது என்று பின்கதவைத் திறந்தான்.

சகாயராணி திரும்பவில்லை. மூடிய கண் மூடியபடியே, உதடு மட்டும் முணுமுணுத்தது. சால்வைக்குள்ளிருந்து ஜெபமாலை தொங்கியது. பத்து மணி உருட்டி முடித்ததும், எதையோ உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள்.

"மாதாவே, எம் மருமவன் எல்வினுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது தாயே!"

டிங், டிங், டிங்.

ஜெபமாலைச் சிலுவையோடு நூல் போட்டுக் கட்டியிருந்தது, அந்த மந்திரிச்ச சாவி.

கதிர்வேலும் பார்த்துவிட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

சகாயராணி கண்ணைத் திறந்தாள். "சரியாயிருச்சா மாப்ள? கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டுறீங்களேன்னு, வந்த நாள்லேருந்து ஒங்க சாவிய வச்சுத்தான் ஜெபம் பண்றேன். இன்னைக்கு இந்த டிக்கிக்கும் சேத்து வேண்டுறேன். வேண்ட வேண்டத் தொறக்குதே, என் ராசி அப்படி!"

எல்வினுக்கு இப்போதுதான் விளங்கியது. அவள் அவன் பேரைச் சொன்னபோதெல்லாம் திறந்திருக்கிறது. திறந்தபோதெல்லாம் அவன் அவளை வைதிருக்கிறான்.

டிக்கியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"டிக்கி சரியாகல அத்தை. இத வச்சுக்கிட்டு வடகவுஞ்சி போக முடியாது. உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

"எப்ப சரியாகும் மாப்ள?"

எல்வின் கதிர்வேலைப் பார்த்தான். கதிர்வேல் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பெரிய வேலைம்மா. கிறிஸ்மஸ் தாண்டிரும்," என்றான்.

"ஐயையோ! அப்ப இன்னும் அழுத்தமால்ல வேண்டணும்?" சகாயராணி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

டிங், டிங், டிங்.

எல்வின் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏ சுஜிதா, டிக்கியில வாழப்பழம் இருந்தா மட்டும் எடுத்துரு!"