மயிலையின் மாட்டுப் பொங்கல்

அறுவடை முடிந்து, ஆற்றுக்கு நடுவே இருந்த அந்தத் திட்டில் மாட்டுப் பொங்கல் வந்தது. மருதப்பன் தன் மயிலைக் காளையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் பூசினான்.

"அண்ணே, என்னை விக்கப் போறாங்க," என்றது மயிலை, பக்கத்தில் கட்டியிருந்த செவலைக் காளையிடம். "போன சித்திரையில இப்படித்தான் கொம்பு சீவிச் சந்தைக்குக் கொண்டுபோய், படகுல ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க. எங்கம்மாவை அப்புறம் பாக்கவேயில்ல."

"அட, இது பண்டிகைடா. வருசா வருசம் நடக்கும்," என்றது அங்கேயே பிறந்த செவலை.

மருதப்பனின் மனைவி இலையில் பொங்கலை நீட்டி, "சாப்பிடு ராசா" என்றாள். சந்தையில் தரகனும் ராசா என்றுதான் கூப்பிட்டான். மயிலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் தட்டைத் தட்டிக் கூவியபோது கயிற்றை அறுக்கப் பார்த்தது. செவலைதான் இரண்டு இலையையும் காலி செய்தது. கரையில் கிடந்த படகை விட்டு மயிலை கண்ணை எடுக்கவேயில்லை.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை மருதப்பன் வந்தான். "எந்திரி சனியனே!" என்று சாட்டையால் ஓங்கி ஒன்று வைத்து, நுகத்தடியைக் கழுத்தில் ஏற்றினான்.

"அப்பாடா, விக்கல!" என்று மயிலை மூச்சு விட்டது. நாலு எட்டு நடந்ததும் மெல்லக் கேட்டது:

"அண்ணே, நேத்துப் பொங்கல் எப்படி இருந்துச்சு?"