சேஸுக்குள் இருந்த ஆற்றுமண்

பழைய ஜீப் ஒன்றைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாடி ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம். நடுவே மரக்கட்டைகளின் மேல் சேஸ் மட்டும், அதாவது உள்ளே கூடான இரும்பு அடிச்சட்டம் மட்டும் கிடந்தது.

மெக்கானிக் அருளப்பன் சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ‘ணங்’ என்றது. பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடம் ‘சொத்’ என்றது.

“இங்கேதான் அரிச்சிருக்கு” என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, வெட்டும் மிஷினை எடுக்கப் போனார்.

சேஸ் தன் வயிற்றுக்குள் இருந்த மண்ணிடம் சொன்னது: “பேசாம ஒட்டிக்கிட்டு இரு. அவர் கண்ணுல பட்டுடாதே.”

“மழைக்கு மழை நான் ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிறேன். அதனாலதான் நீ துருப்பிடிக்கிறே” என்றது மண். “இருபது வருஷமா சொல்றேன், என்னை விட்டுடு.”

“அந்த ஆத்தைக் கடந்தப்ப உள்ளே வந்தவன் நீ. பானெட் வரைக்கும் தண்ணி! அப்படி ஒரு நாள் எனக்கு அப்புறம் வரவே இல்லை. நீயும் போயிட்டா என்கிட்ட என்ன இருக்கு?”

“எனக்கும் அந்த ஆறுதான் வேணும்” என்றது மண்.

அருளப்பன் வெட்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைக் கூட்டி வாசலில் கொட்டிவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். தட்டிப் பார்த்தார். ‘ணங்’.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கிடந்த மண் கரைந்து, தெருத் தண்ணீரோடு ஆற்றுப் பக்கமாக ஓடத் தொடங்கியது.

கட்டை மேல் இருந்தபடியே சேஸ் கத்தியது: “கொஞ்சம் பொறு, நானும் வரேன்! சக்கரம் மட்டும் மாட்டிடட்டும்!”