மூடிக் கிடந்த மைக்ரோமீட்டர்

தேவசகாயத்தின் லேத் பட்டறையில், தடிமன் அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது. அதன் இரு முனைகளும் நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு கம்பியோ தகடோ வந்து நிற்கும். காலையில், அளவு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று சரிபார்க்கும்போது மட்டும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். ஒட்டியிருந்தால் துருப்பிடிக்கும் என்று, பெட்டியில்கூட அவர் இடைவெளி விட்டுத்தான் வைப்பார்.

ஒரு சனிக்கிழமை, மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரும் அவசரத்தில், மூடியபடியே வைத்துவிட்டார். ஞாயிறு முழுக்க மழை. முனைகள் இரண்டும் ஒட்டியே கிடந்தன.

திங்களன்று பார்த்தால் இரண்டிலும் துரு. தேவசகாயம் தலையில் அடித்துக்கொண்டார். தேய்த்துத் துடைத்து, எண்ணெய் தடவி, பழையபடி விலக்கி வைத்தார்.

"ரொம்ப எரியுதா?" என்று கேட்டது நகரும் முனை.

"எரியுது," என்றது நகராத முனை. "வர்ற சனிக்கிழமையும் மழை வருமா?"