வேனுக்கு ஐந்துக்கு ஐந்து

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், போன வருடம் ஒரு சங்கம் மேடை போட்டு, மாலை சூடித் துவக்கி வைத்த நோயாளிகளுக்கான இலவச வேன் சேவையை அளந்து தீர்ப்புச் சொல்ல, முனைவர் புவனேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து பினாங்கில் எழுந்தருளியிருக்கிறார். ஜார்ஜ்டவுன் ரத்தச் சுத்திகரிப்பு நிலையமே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

"வேன் நேரத்துக்கு வருதா அங்கிள்? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"அஞ்சே போடுங்கலா டாக்டர்," என்றார் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து கையில் கட்டுடன் இருந்த கார்த்திகேசு.

பக்கத்தில் இரண்டு ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த மகள் நவமணி வெடித்தாள். "ஏன்பா பொய் சொல்றீங்க? போன வாரம் இங்கேருந்து போறப்ப, பாலிக் புலாவ் மலை வளைவுல மயங்கி மோட்டார்லேர்ந்து விழப் பார்த்தீங்களே!"

"வாய மூடு. மார்க் கொறைச்சா சங்கத்துல கோவிச்சுக்குவாங்க. அப்புறம் நமக்கு வேனே கெடைக்காது."

அவள் முனைவர் பக்கம் திரும்பினாள். "சார், அந்த வேன் இருக்கே..."

"கதை வேண்டாம்மா, நம்பர் போதும்." முனைவர் கையை உயர்த்தினார். "தனிப்பட்ட புலம்பல் மதிப்பீட்டையே கெடுத்துடும். எத்தன வருஷமா இந்த வேலை பார்க்கறேன்!"

"அத்தன வருஷத்துல ஒரு ஆளையாவது முழுசா பேச விட்டிருக்கீங்களா?"

அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். நூர்ஜான் அக்காவும் ஐந்து என்றார். ராமதாஸ் ஐந்தோடு நிற்கவில்லை, "டிரைவர் ரொம்ப மரியாதலா" என்று உபரியாகவும் அள்ளிப் போட்டார். நவமணி பல்லைக் கடித்தாள்.

முனைவர் டேப்லெட்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "அறிக்கை போயிடுச்சு. எல்லாருக்கும் முழுத் திருப்தி. திட்டம் மகத்தான வெற்றி, இனிமே இதுக்கு எந்த உதவியும் தேவையில்லன்னு சிபாரிசு பண்ணிட்டேன்."

கார்த்திகேசுவின் முகம் வெளுத்தது. நவமணி எழுந்த வேகத்தில் ஒரு ஹெல்மெட் தரையில் உருண்டது.

"அறிக்கை அட்டைக்கு ஒரு போட்டோதான் பாக்கி." முனைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "வேன் எங்கம்மா நிக்குது?"

"இன்னும் வாங்கவே இல்ல சார்."